சீனியர் டெவலப்பர் யாருமே எங்கள் கம்பெனிக்கு வரமாட்டேன் என்கிறார்கள், ஏன்?

பழைய_பட்டறை:
நாங்கள் 40 வருடமாக இயந்திரம் செய்து விற்கிற கம்பெனி. ஏழு மாதமாக இரண்டு சீனியர் டெவலப்பர் இடம் காலி. ஆஃபர் வாங்கிய மூன்று பேர் சேரவில்லை. சம்பளம் மற்ற இடங்களைவிடக் குறைவில்லை, விசாரித்துத்தான் வைத்தோம். கடைசியாக வந்தவர் அரை நாள் எங்களோடு இருந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார், மறுநாள் ஒரே வரியில் வேண்டாம் என்று மெயில். எங்கே தப்பு?

நள்ளிரவு_டெப்ளாய்:
அந்த அரை நாளில் அவர் எதைப் பார்த்தார் என்று யோசியுங்கள். இப்படி ஓர் இடத்தில் ஒன்றரை வருடம் இருந்தேன். லேப்டாப் மூன்றாவது வாரம்தான் கைக்கு வந்தது, அதிலும் எதையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. கிட் (Git, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருள்) வேண்டும் என்று டிக்கெட் போட்டால், மூன்று கொட்டேஷன் இணைக்கவும் என்று பர்ச்சேஸிலிருந்து பதில். அது இலவசம் என்று எழுதினேன். சரி, இலவசம் என்று மூன்று பேரிடம் எழுதி வாங்கி அனுப்புங்கள் என்றார்கள். சத்தியமாக.

அரைப்புள்ளி:
லேப்டாப்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கிரேடுதான் பெரிய தொல்லை. கீழே ஐந்து பேர் இல்லாவிட்டால் அடுத்த கிரேடு கிடையாது என்று விதி இருக்கும். கோட் எழுதுவதில் கெட்டிக்காரரை மேனேஜராக்கினால்தான் சம்பளம் கூட்ட முடியும், அவருக்கோ அந்த வேலை பிடிக்காது. உங்களிடம் ஐடி யாருக்குக் கீழே இருக்கிறது?

பழைய_பட்டறை:
அக்கவுண்ட்ஸ் தலைவருக்குக் கீழே. இப்போது ஞாபகம் வருகிறது, வந்தவரும் இதையேதான் கேட்டார். அப்புறம், எழுதிய கோட் லைவுக்குப் போக எத்தனை நாள் என்றார். அதற்கு அனுமதி தர மாதம் ஒரு முறை கமிட்டி கூடும் என்று பெருமையாகச் சொன்னேன்.

நள்ளிரவு_டெப்ளாய்:
போச்சு. அங்கேயே முடிவு பண்ணியிருப்பார்.

கோபால்_இல்லை_கோபால்:
எல்லாரும் ஓடிவிடுவதில்லை. ஒன்பது வருடமாக இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறேன். கோபால் (COBOL) 1959இல் வந்த நிரல் மொழி, நான் பார்த்துக்கொள்ளும் நிரல்களில் சில என் வயதுக்கு மூத்தவை. நேரத்துக்கு வீட்டுக்குப் போகிறேன், ஒரு மாற்றம் செய்தால் அதை நம்பி வேலை பார்க்கிறவர்களை நேரில் பார்க்க முடிகிறது. இதை விரும்புகிற ஆட்களும் உண்டு, ஆனால் உங்கள் விளம்பரத்தில் 'துடிப்பான ஸ்டார்ட்அப் சூழல்' என்று போட்டிருந்தால் அவர்கள் கண்ணில் அது படவே படாது.

அரைப்புள்ளி:
ஆள் எடுத்தால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதற்கு ஃபோக்ஸ்வாகனைப் பாருங்கள். 2020இல் மென்பொருளுக்கென்றே தனி அமைப்பு, பின்னால் காரியாட் என்று பெயர், ஆயிரக்கணக்கில் ஆட்கள். அப்படியும் மென்பொருள் தயாராகாமல் அவர்கள் குழுமத்தின் மின்சார கார் போர்ஷே மக்கான் தள்ளிப்போனது. கடைசியில் மென்பொருளுக்காக வெளியே போய், 2024இல் ரிவியன் என்ற அமெரிக்க மின்சார கார் கம்பெனியில் 500 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்தார்கள்.

பழைய_பட்டறை:
விளம்பரத்தில் 'துடிப்பான' இருக்கிறது, எடுக்கச் சொல்லிவிட்டேன். கிரேடு பற்றி நாளை எச்.ஆரிடம் கேட்கிறேன். லேப்டாப்புக்கு எங்களிடம் எத்தனை நாள் என்று இன்று விசாரித்தேன். 19.