அவசரம்: மெல்லிசு பீட்சா வெட்டினால் பக்கத்துத் துண்டின் சீஸும் கூடவே வருகிறது, நாளைக்கு ஆர்டர்

காவேரிப்பட்டணம் அடுப்படி (வெள்ளி, இரவு 9:12)
வணக்கம். மூன்று மாதமாக வீட்டிலேயே பீட்சா போட்டுக் கொடுக்கிறேன். மெல்லிசு மட்டும்தான். வேகும் வரைக்கும் எந்தக் குறையும் இல்லை, வெட்டும்போதுதான் மானம் போகிறது. ஒரு துண்டை எடுத்தால் பக்கத்துத் துண்டின் சீஸ், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்ந்து வந்துவிடுகிறது. அந்தத் துண்டு மொட்டையாக நிற்கிறது. போன வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன், "நாய் பிடுங்கின மாதிரி இருக்கிறது" என்று படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். நாளை மாலை பிறந்தநாள் ஒன்றுக்கு ஆறு பீட்சா. பிள்ளைகள்தான் அதிகம். அவர்கள் சதுரமாக வெட்டித் தரச் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் முக்கோணமாக இருந்தால்தான் பீட்சா என்கிறார். எது சரி? சீஸ் இழுக்காமல் வெட்ட என்ன வழி? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர்வாசி (9:20)
என்ன ஓவன்? எத்தனை அங்குலம்? எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம்? வெளியே எடுத்து எத்தனை நிமிடம் கழித்து வெட்டுகிறீர்கள்? கத்தியா, சக்கரமா? இதெல்லாம் தெரியாமல் எப்படிங்க சொல்வது?

தோசைக்கல் (9:24)
கேள்வியே வேண்டாம், அடி வேகவில்லை. தகரத் தட்டில் வைத்துச் சுட்டால் மேலே சீஸ் கொதிக்கும், கீழே மாவு வெள்ளையாகக் கிடக்கும். கைப்பிடி இல்லாத வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒன்று வாங்குங்கள். அதை ஓவனுக்குள் வைத்து முழுச் சூட்டில் அரை மணி நேரம் காயவிட்டு, அதன் மேல் பீட்சாவைத் தள்ளுங்கள். தள்ளும் பலகையில் கொஞ்சம் ரவை தூவினால் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். அடி அப்பளம் மாதிரி நிற்கும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரியைத் தாண்டாது, அதனால் கல்தான் கை கொடுக்கும். நான்கு வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன்.

ராயக்கோட்டைக்காரன் (9:33)
அக்கா, தக்காளியைச் சொல்லவே இல்லையே. நாட்டுத் தக்காளியில் சாஸ் செய்கிறீர்களா? அதில் புளிப்பு நன்றாக இருக்கும், தண்ணீரும் அதே அளவு இருக்கும். தண்ணீர் சாஸின் மேல் சீஸ் மிதக்கும், சக்கரம் பட்டதும் மொத்தமாக வழுக்கும். எங்கள் மண்டிக்கு வரும் பெங்களூர் தக்காளியே சாஸுக்கு நல்லது, தோல் கெட்டி, சதை அதிகம். எதுவாக இருந்தாலும் ஒரு கிலோ அரை கிலோவாகும் வரை சுண்ட வையுங்கள். கரண்டியால் கீறினால் வாணலியின் அடி இரண்டு நொடிக்குத் தெரிய வேண்டும்.

பழைய அடுப்பு (9:41)
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. முன்பே எழுதியதைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன்.

சதுர வெட்டு நேற்று யாரோ கண்டுபிடித்த புதுமை இல்லை. சிகாகோவில் மதுக்கடைகளில் தட்டை அப்பளம் போன்ற பீட்சாவைச் சதுரம் சதுரமாக வெட்டி வைப்பார்கள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் காகிதத் துண்டின் மேல் ஒரு சதுரம். தட்டு தேவையில்லை. செயின்ட் லூயிஸ் ஊரிலும் சதுரம்தான், அங்கே மாவில் ஈஸ்ட்டே போடாமல் பிஸ்கட் போலச் சுடுவார்கள். நியூயார்க்கில் பெரிய முக்கோணம், நடுவில் மடித்துத் தின்பார்கள். மடிய வேண்டும் என்றால் மாவில் மென்மை வேண்டும். மொறுமொறுவென்று சுட்டுவிட்டு முக்கோணமாகவும் வெட்டுகிறேன் என்றால் நுனி உடையும், இல்லாவிட்டால் தொங்கும். எந்த வகை செய்கிறோம் என்பதே தெரியாமல் எப்படி வெட்டுவது என்று கேட்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் டிக்கெட் கேட்பது மாதிரி.

பென்னாகரத்துப் பையன் (9:48)
கத்தரிக்கோல் போதும்ங்க. நாங்கள் ரூமில் எப்போதும் அப்படித்தான். ஒரு இழுப்பும் இல்லை.

பழைய அடுப்பு (9:51)
கத்தரிக்கோலா? பீட்சாவா, ரவிக்கைத் துணியா?

கப்பல் சமையல் (10:04)
அவசரப்பட்டுச் சிரிக்காதீர்கள். ரோமில் கடைக் கண்ணாடிக்குள் நீளத் தட்டில் பீட்சா இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் நறுக்கி, தராசில் வைத்து, எடைக்குக் காசு வாங்குவார்கள். நானே நின்று வாங்கித் தின்றிருக்கிறேன். தம்பி சொன்னதில் தப்பே இல்லை.

பழைய அடுப்பு (10:07)
அது செவ்வகத் தட்டில் சுடும் வேறு வகை. எனக்கும் தெரியும்.

பென்னாகரத்துப் பையன் (10:08)
தெரிந்துகொண்டேதான் ரவிக்கைத் துணி என்றீர்களா சார்?

காவேரிப்பட்டணம் அடுப்படி (10:15)
மன்னிக்கவும், மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஓவன் ஓடிஜிதான் (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்), பெரியது. பீட்சா 12 அங்குலம். சூடு 250, பத்து நிமிடம். அடி நன்றாகச் சிவந்துதான் வருகிறது. சாஸ் கெட்டி. சக்கரக் கட்டர், புதியது. எடுத்த உடனே வெட்டிவிடுவேன், ஆறினால் நன்றாக இருக்காது இல்லையா? சதுரமா முக்கோணமா என்று யாரும் சொல்லவில்லையே.

ஓசூர்வாசி (10:19)
அதோ, மாட்டிக்கொண்டது. உடனே வெட்டினால் சீஸ் இன்னும் குழம்பாக இருக்கும். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வரும். வெளியே எடுத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், கொதி அடங்கி மேல் பளபளப்பு மங்கியதும் வெட்டுங்கள். அதுவும் தட்டில் வைக்காமல் கம்பி ஸ்டாண்டின் மேல் வைத்தால் அடியில் ஆவி தேங்கி நமத்துப் போகாது. நம் பக்கத்தில் தட்டுவடை செட் சாப்பிடாத ஆள் உண்டா? சட்னி தடவி ஐந்து நிமிடம் விட்டால் வடை என்ன கதி ஆகிறது? அதே கதைதான்.

தோசைக்கல் (10:22)
அடி சிவந்திருக்கிறது என்று சொல்வார்கள். கல்லில் சுட்டதைப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

கணக்கு வாத்தியார் (10:31)
சதுரமா முக்கோணமா என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். 12 அங்குல வட்டத்தில் குறுக்கே மூன்று கோடு, நெடுக்கே மூன்று கோடு, மூன்று மூன்று அங்குல இடைவெளியில் போட்டால் 16 துண்டு. நடுவில் நான்கு முழுச் சதுரம், ஒவ்வொன்றும் 9 சதுர அங்குலம். ஓரத்தில் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் 8 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். நான்கு மூலையில் குட்டித் துண்டு, 3 சதுர அங்குலம்கூட வராது. எட்டு முக்கோணமாக வெட்டினால் ஒவ்வொன்றும் 14. ஆனால் முக்கோணத்தின் நுனி கையிலிருந்து ஆறு அங்குலம் தள்ளி அந்தரத்தில் நிற்கும். சதுரத்தில் மூன்றே அங்குலம். சின்னப் பிள்ளையின் கைக்கு எது நல்லது என்று நீங்களே சொல்லுங்கள். ஆறு பீட்சாவுக்கு 96 துண்டு.

ஓரம்தான் உயிர் (10:37)
வாத்தியாரே, அந்த நடு நான்கை யார் தின்பது? ஓரமே இல்லாத பீட்சாவைப் பிடிக்க இடம் இல்லை, விரலெல்லாம் சாஸ். முக்கோணத்தில் எல்லோருக்கும் ஓரமும் உண்டு, நடுவும் உண்டு. அதுதான் நியாயம்.

கணக்கு வாத்தியார் (10:40)
என் பேரன் ஓரத்தைக் கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிடுவான். அவனுக்கு நடுத்துண்டு, எனக்கு அந்தக் குட்டி மூலை. அப்பளம் மாதிரி நொறுங்கும். பங்கு போடுவது என்றால் ஆளுக்குத் தகுந்த பங்கு, எல்லோருக்கும் ஒரே அளவு என்று யார் சொன்னது?

ஓரம்தான் உயிர் (10:44)
பத்துப் பிள்ளைகள் நடுத்துண்டுக்கு அடித்துக்கொள்ளும்போது அங்கே நின்று பங்கு போட வாத்தியார் வருவாரா?

ராயக்கோட்டைக்காரன் (10:46)
நான் ஒன்று கேட்கலாமா. நம் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பீட்சாவுக்கு மேலே பெங்களூரா மாங்காய் ஏன் யாரும் போடுவதில்லை? மெல்லிசாகச் சீவி மிளகாய்த்தூள் போட்டு.

ஓசூர்வாசி (10:49)
மாங்காயா? தண்ணீர் விடும் என்று தக்காளியைத் திட்டியது நீங்கள்தானே. ஓசூரில் இதெல்லாம் விலை போகாது.

ராயக்கோட்டைக்காரன் (10:52)
ஓசூர்க்காரர்களுக்கு எப்போதும் பெங்களூர் நினைப்பு. ஓசூரும் கிருஷ்ணகிரி மாவட்டம்தான் சாமி, 2004லேயே தர்மபுரியிலிருந்து சேர்ந்துதான் பிரிந்து வந்தோம்.

பென்னாகரத்துப் பையன் (10:53)
எங்களை விட்டுவிட்டுப் போனீர்கள் என்று சொல்லுங்கள்.

கப்பல் சமையல் (10:58)
மாவட்டச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அம்மா, ஒரே ஒரு கேள்வி. எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள்?

ஓரம்தான் உயிர் (11:01)
முக்கோணம்தான். என் கருத்தில் மாற்றம் இல்லை.

காவேரிப்பட்டணம் அடுப்படி (11:10)
சுட்ட தட்டிலேயேதான். ஓரம் வைத்த அலுமினியத் தட்டு. ஏன்?

கப்பல் சமையல் (11:22)
அதுதான். மற்றதெல்லாம் பிறகு.

உங்கள் தட்டுக்கு அரை அங்குல விளிம்பு இருக்கும். சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஓரத்துக்கு வரும்போது அது விளிம்பின் மேல் ஏறிவிடும். பீட்சாவின் கடைசி அரை அங்குலம் வெட்டுப்படாது. மேலே பார்த்தால் கோடு விழுந்த மாதிரி தெரியும், அடியில் மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய தட்டு வேறு சூட்டில் கொஞ்சம் நெளியும், அந்தக் குழிவிலும் சக்கரம் அடியைத் தொடாது. நீங்கள் துண்டைத் தூக்கும்போது அது வெட்டுப்பட்டு வருவதில்லை, பிய்ந்து வருகிறது. பிய்க்கும் வேகத்தில் பக்கத்துச் சீஸையும் இழுத்துக்கொள்கிறது. சந்தேகம் இருந்தால் அடுத்த பீட்சாவில் ஒரு துண்டை மெல்லத் தூக்கி அடியைப் பாருங்கள், ஓரத்தில் நார் மாதிரி மாவு நிற்கும். அலுமினியத்தில் உரசி உரசிப் புதுச் சக்கரமும் மழுங்கியிருக்கும்.

நாளைக்கு: ஓவனிலிருந்து எடுத்ததும் பீட்சாவைக் கம்பி ஸ்டாண்டுக்கு நழுவவிடுங்கள். ஓசூர்வாசி சொன்ன மாதிரி மூன்று நிமிடம். பிறகு விளிம்பில்லாத பெரிய மரப்பலகைக்கு மாற்றுங்கள். 12 அங்குலத்துக்குப் பலகை இல்லையென்றால் அடி சமமான தாம்பாளத்தைக் கவிழ்த்துப் போட்டு, பட்டர் பேப்பர் விரித்து வெட்டலாம். ஒரு நாளைக்குப் பரவாயில்லை. சக்கரத்தை இந்த ஓரத்துக்கு வெளியே வைத்து அந்த ஓரத்துக்கு வெளியே முடியுங்கள், ஒரே தள்ளு. முன்னும் பின்னும் ஆட்டினால் சீஸ் சக்கரத்தில் சுற்றும். சதுரம் என்றால் ஒரு பக்கக் கோடுகளை எல்லாம் முடித்துவிட்டுப் பலகையைத் திருப்புங்கள். இடையில் சக்கரத்தை ஈரத்துணியில் துடையுங்கள்.

பெட்டியில் வைத்ததும் மூடியை அழுத்தாதீர்கள். இத்தனையும் செய்துவிட்டு ஆவியில் நமக்க விட்டால் பயன் இல்லை.

பழைய அடுப்பு (11:30)
பலகையில் வெட்ட வேண்டும் என்பது அடிப்படை. அதனால்தான் நான் சொல்லவில்லை.

பென்னாகரத்துப் பையன் (11:31)
🙏

ஓசூர்வாசி (11:36)
கப்பல் அண்ணா, அருமை. எனக்கே இது தோன்றவில்லை. ஆமாம், பாக்கெட்டில் துருவி வரும் சீஸுக்குப் பதில் கட்டியாக வாங்கித் துருவினால் இன்னும் நன்றாக உருகும் அக்கா. துருவி வருவதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள்.

கணக்கு வாத்தியார் (சனி, மாலை 6:05)
அம்மா, என்ன ஆயிற்று? 96 துண்டா, 48 துண்டா?

ஓரம்தான் உயிர் (சனி, 7:40)
ஆளைக் காணோமே. முக்கோணமாக வெட்டிப் பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காவேரிப்பட்டணம் அடுப்படி (ஞாயிறு, காலை 8:17)
எல்லோருக்கும் நன்றி. தட்டுதான். தூக்கிப் பார்த்தேன், சொன்ன மாதிரியே அடியில் நார் நின்றது. தாம்பாளம் கவிழ்த்துதான் வெட்டினேன். ஐந்து சதுரம், ஒன்று மட்டும் வீட்டுக்காரருக்காக முக்கோணம். சதுரத்தில் குட்டி மூலைதான் முதலில் காலியானதாம். முக்கோணத்தில் இரண்டு துண்டு மீந்து திரும்பி வந்தது, அதை அவரே சாப்பிட்டார். அடுத்த வாரம் பலகை வாங்கப் போகிறேன். இட்லிக்கு வைக்க வேண்டும், வருகிறேன்.

ஓரம்தான் உயிர் (ஞாயிறு, 8:25)
முதலில் காலியானது மூலை என்றால், மூலை என்பது ஓரம்தானே? நான் சொன்னதுதான்.

தோசைக்கல் (ஞாயிறு, 9:02)
எல்லாம் சரி, தோசைக்கல் போட்டீர்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே.