மறு: மிரர்லெஸ் கமராவுக்குத் தமிழ்ச்சொல்: ‘ஆடியிலி’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

மிரர்லெஸ் என்றால், பழைய டீஎஸ்எல்ஆர் கமராவில் லென்ஸுக்குப் பின்னால் நிற்கிற ஆடி இல்லாத கமரா. அதற்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் வந்து குவிந்துவிட்டது. பிள்ளைகளுக்கான படப்பிடிப்புக் கையேடு அச்சுக்குப் போகமுதல் ஒன்றைப் பிடித்தாக வேண்டும். என் வாக்கு ஆடியிலிக்கு. வந்த மடல்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> கண்ணாடியில்லாக் கமரா என்றே போடலாமே. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அங்கேதான் சிக்கல் தங்கச்சி. முகம் பார்க்கிறதும் கண்ணாடி, யன்னலில் இருக்கிறதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுகிறதும் கண்ணாடி. லென்ஸ் செய்கிறதே கண்ணாடியில்தான். ‘கண்ணாடியில்லாக் கமரா’ என்று வாசிக்கிற பிள்ளை, லென்ஸே இல்லாத ஊசித்துளைக் கமராவை நினைத்தால் நாம் என்ன சொல்ல முடியும்? ஆனால் நம் விஞ்ஞானப் பாடத்தில் தளவாடி, குழிவாடி, குவிவாடி என்று படிக்காத பிள்ளை மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. ஆடி என்றால் ஒளியைத் தெறிக்க வைக்கிற பரப்பு, வேறு குழப்பம் இல்லை.

> ஆடியிலி என்றால் மாமாங்கத் தீர்த்தத்துக்குக் கொண்டுபோக முடியாத கமராவா?

அண்ணன், பகிடி நல்லது, வாசித்துச் சிரித்தேன். ஆனால் தளவாடி என்று படிக்கும்போது யாருக்கும் மாமாங்கத்தில் தீர்த்தம் நடக்கிற ஆடி அமாவாசை ஞாபகம் வருவதில்லையே. ‘இலி’யும் ஒன்றும் புதுசில்லை. முள்ளந்தண்டிலி பாடப்புத்தகத்தில் இருக்கிறது, பெயரிலி இணையத்தில் ஊறிய சொல், கம்பியிலியும் புழக்கத்தில் இருக்கிறது. பன்மைக்கு ஆடியிலிகள், பெயரோடு சேர்த்தால் ஆடியிலிக் கமரா. வாயில் இடறாமல் வருகிறது.

> ரிஃப்ளெக்ஸ் என்பதை வைத்து எதிரொளிப்பிலி என்று சொல்லலாமா?

சென்னை நண்பர் கேட்டது. டீஎஸ்எல்ஆரின் கடைசி எழுத்துத்தான் ரிஃப்ளெக்ஸ், ஆடியில் ஒளி தெறிப்பதைச் சொல்வது. உங்களுக்கு எதிரொளிப்பு, இலங்கையில் எங்களுக்குத் தெறிப்பு. உங்களுக்கு ஒளிவிலகல், எங்களுக்கு முறிவு. முப்பட்டகத்தை நாங்கள் அரியம் என்கிறோம். அந்த வழியில் போனால் கடலுக்கு இந்தப்பக்கம் தெறிப்பிலி, அந்தப்பக்கம் எதிரொளிப்பிலி என்று ஒரே கமராவுக்கு இரண்டு பெயர் வரும். ஆடி மட்டும் இரண்டு பக்கப் பாடப்புத்தகத்திலும் உண்டு. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். அவ்வளவுக்குப் பிறகும் இரண்டு கரையும் வேறு வேறு சொல்லோடு நிற்கிறது என்பது வேறு கதை, அதைத் தொடங்கினால் இந்த இழை முடியாது.

> இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பது சரியா? இருப்பதைச் சொல்லுங்கள். ‘நேர்விம்பக் கமரா’ என் முன்மொழிவு.

இதுதான் என்னைக் கனநேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் பாதி சரி. லென்ஸால் வருகிற ஒளி நேரே படம் பதிகிற சென்சரில் விழுகிறது, சென்சர் காண்கிறதைத்தான் நாமும் சின்னத் திரையில் காண்கிறோம், வெளிச்சம் கூடக்குறைய இருந்தால் அமத்துமுன்னமே தெரிகிறது. ஆனால் டீச்சர், கைபேசியும் அதைத்தானே செய்கிறது? லென்ஸ் மாற்ற முடியாத சின்ன டிஜிட்டல் கமராக்களும் அப்படித்தான். நேர்விம்பக் கமரா என்றால் அவை எல்லாம் உள்ளே வந்துவிடும். போதாததற்கு, தமிழ்நாட்டில் நேரான பிம்பம் என்றால் தலைகீழாக இல்லாத பிம்பம், நாங்கள் நிமிர்ந்த விம்பம் என்கிறோமே அது.

இன்னொன்று, இந்தக் கமராவில் புதுசாக வந்த எல்லாமே ஆடியை எடுத்ததால் வந்தவைதான். பழைய டீஎஸ்எல்ஆரின் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். சென்சர் தெரியாது, 45 பாகை சாய்ந்தபடி நிற்கிற ஆடிதான் தெரியும். ஒளியை மேலே அரியத்துக்கு அனுப்பி நம் கண்ணுக்குக் கொண்டுவருவது அது. படம் எடுக்கிற கணத்தில் மேலே எழும்பி வழிவிட்டுத் திரும்ப விழும், அந்தச் சத்தம்தான் குளிர்த்திப் பாடல் பாடிக்கொண்டிருக்கும்போது கோயிலில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைப்பது. அது எழும்பி விழ இடம் வேண்டும். அதனால்தான் கெனனின் ஈஎஃப் வகையில் லென்ஸ் பூட்டுகிற வளையத்துக்கும் சென்சருக்கும் இடையில் 44 மில்லிமீற்றர் விட்டிருந்தார்கள். ஆடியை எடுத்த பிறகு வந்த ஆர்எஃப் வகையில் அது 20. நிக்கொனில் 46.5 ஆக இருந்தது 16 ஆகிவிட்டது.

இப்போது கெனனின் அடப்டரைக் கையில் எடுங்கள், பழைய லென்ஸைப் புது உடம்பில் பூட்டுகிற அந்த வளையம். அதற்குள் விரலை விட்டால் மறுபக்கத்தால் வெளியே வரும். உள்ளே வில்லை கிடையாது, சில மின் தொடுகைகளும் காற்றும்தான். 44இல் 20 போனால் 24, அந்த 24 மில்லிமீற்றரும் ஆடி இருந்த இடம். இல்லாமல் போன ஆடிக்காகக் காசு கொடுத்து ஒரு வெற்றுக் குழாய் வாங்குகிறோம். அப்படியான கமராவுக்கு ஆடி இல்லாததைச் சொல்லிப் பெயர் வைப்பதில் என்ன குறை?

> எங்கட கடையில் எல்லாரும் மிரர்லெஸ் என்றுதான் கேட்கிறார்கள். இனி டீஎஸ்எல்ஆரே வராது, பிறகு ஆடியில்லை என்று ஏன் சொல்ல வேண்டும்?

காக்கா, கலியாணத்துக்குப் புக் பண்ண வருகிறவர்கள் மிரர்லெஸ் என்றுதான் கேட்பார்கள், கேட்கட்டும். கையேட்டில் எழுத ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான். டீஎஸ்எல்ஆர் போய்விட்டது என்பதும் முழுக்கச் சரியில்லை. 2008இல் பனசொனிக் ஜீ1 வந்தபோது இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, 2013இல் சோனி ஏ7 வந்த பிறகுதான் ஸ்ரூடியோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், 2018இல் நிக்கொனும் கெனனும் முழுச்சட்டக (பழைய 35 மில்லிமீற்றர் பிலிம் அளவுச் சென்சர் உள்ள) உடம்போடு இறங்கின, 2020இல் உலகச் சந்தைக்குப் போன எண்ணிக்கையில் மிரர்லெஸ் முந்திவிட்டது. ஆனாலும் பென்டக்ஸ் ஆடியை விடவில்லை. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கைமாறுகிற பழைய உடம்புகளில் பாதிக்கு மேல் இன்னும் ஆடி உள்ளதுதான் என்று நீங்களே போன மடலில் எழுதியிருந்தீர்கள். பழகுகிற பிள்ளையின் கைக்கு முதலில் வரப்போவதும் அதுதான், இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல் வேண்டாமா?

ஆங்கிலத்திலும் இந்தப் பெயர் ஒரே நாளில் வந்ததில்லை. பனசொனிக் டீஎஸ்எல்எம் என்றது, பிரித்தானியப் பத்திரிகைகள் கொம்பாக்ட் சிஸ்டம் கமரா என்று கனகாலம் எழுதின, இன்னும் சிலர் எழுத்துகளைக் கோத்து ‘ஈவில்’ என்று, அதுதான் கெட்டது என்று பொருள்படுகிற அதே சொல்லாக, வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் நின்றது இல்லாததைச் சொல்கிற பெயர்தான்.

ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள்.

கல்லடியிலிருந்து

---

ஆடியிலி எனக்குச் சம்மதம். ஆனால் நீங்கள் கமரா என்று எழுதுகிறீர்கள், இங்கே அது எழுத்துப்பிழை போலத் தெரியும். கேமரா என்று மாற்றுவீர்களா? கெனன், நிக்கொன் எல்லாம் அப்படியேதானா?
சென்னையிலிருந்து

---

மாற்ற மாட்டோம் ஐயா. கையேடு வாசிக்கப் போகிறவர்கள் வாகரையிலிருந்து பொத்துவில் வரை உள்ள பிள்ளைகள், அவர்களுக்கு அது கமரா. உங்கள் பதிப்புக்கு நீங்கள் கேமரா என்று போடுங்கள், ஆடியிலி இரண்டுக்கும் முன்னால் ஒட்டும்.

அடுத்துத் தமிழ்ச்சொல் தேட வேண்டியது குளோபல் ஷட்டருக்கு. 2023 கடைசியில் சோனி அறிவித்த ஏ9 III கமராவில் வந்தது, முழுச்சட்டகத்தில் அதுதான் முதல். சாதாரண சென்சர் வரிவரியாக வாசிக்கும், அதனால்தான் கூத்துக் களரியில் எல்ஈடி விளக்குக் கட்டினால் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன, அரசன் உடுப்பு முழுக்கக் கோடு. குளோபல் ஷட்டர் எல்லா வரியையும் ஒரே கணத்தில் வாசிக்கிறது. நிக்கொன் இசட்9இல் 2021இலேயே திறந்து மூடுகிற பொறிமுறை ஷட்டரை எடுத்துவிட்டார்கள், ஆனால் அது வேறு சங்கதி, இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். சொல் தேடுகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள். ஷட்டருக்கு ‘மூடி’ என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், லென்ஸ் மூடியைத் தேடிக்கொண்டு திரிவோம்.