கேன்டிடா அல்பிகன்ஸ்: செல்கள் அடர்ந்த குழாயில் முளைக்குழல் தோன்றாதது ஏன்?

வினா (முதுநிலை மாணவி, காரைக்குடி):
மனித சீரத்தில் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) 37 டிகிரியில் 2 மணி நேரம் வைத்த கேன்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையின் செல்கள் ஒரு குழாயில் முளைக்குழல் (இழையாக நீளத் தொடங்கும் குழல்) விட்டன. செல்களை மிகுதியாகக் கலந்த மற்றொன்றில் பெரும்பாலானவை உருண்டை ஈஸ்ட்டாகவே நின்றுவிட்டன. காரணத்தை விளக்க முடியுமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை):
நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், அம்மா. சீரமும் உடல் வெப்பமும் ராஸ்1 புரதத்தின் வழியாக அடினைலைல் சைக்லேஸ் நொதியைத் தூண்டுகின்றன; அது உண்டாக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் செய்தி மூலக்கூறின் தூண்டல், புரத கைனேஸ் ஏ என்னும் நொதி மூலம் இஎஃப்ஜி1 என்னும் படியெடுப்புக் காரணியை (மரபணுக்களை இயக்கும் புரதம்) எட்டிய பிறகே, இழையாக நீள்வதற்கான மரபணுக்கள் செயல்படத் தொடங்குகின்றன. செல்கள் நெருங்கும்போது அவையே சுரக்கும் ஃபார்னெசால் என்னும் வேதிப்பொருள் சேர்ந்து அடினைலைல் சைக்லேஸைத் தடுத்துவிடுகிறது. மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்களுக்கும் குறைவாக வைத்துப் பாருங்கள்.

மறுமொழி (ஆய்வக நுட்பநர், காரைக்குடி):
குறைந்த வெப்பத்தில் ராஸ்1 தொடங்கி மரபணுக்கள் வரை செல்லும் இந்தத் தூண்டல் பாதையை எச்எஸ்பி90 புரதம் அடக்கி வைத்திருக்கிறது. சூடு ஏறினால் அந்தப் பிடி தளர்கிறது. சித்திரையில் நம் ஊர் அறையே 37 டிகிரியைத் தொடும் என்பதால், ஒப்பீட்டுக் குழாயை வெளியில் வைக்காமல் 30 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள்.

மாணவி:
நன்றி ஐயா. இழை வடிவம்தான் திசுவைச் சிதைக்கிறதா?

பேராசிரியர்:
பெரும்பாலும் ஆம். இழையாகும்போது வெளிப்படும் கேன்டிடாலைசின் என்னும் நச்சுப் பெப்டைடு சளிச்சவ்வுச் செல்களின் படலத்தைத் துளைக்கிறது என்பது 2016இல் தெரியவந்தது.