486-ல் 4 ஜிபி சிஎஃப் கார்டு: பயாஸ் 504 எம்பியைத் தாண்ட மாட்டேங்குது

பக்கோடாபாயிண்ட்:
ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ் மெஷின். 486 டிஎக்ஸ்2-66 பிராசசர், டாஸ் 6.22, 1993 பயாஸ் (மெஷினை எழுப்பி டிஸ்கை அடையாளம் காணும் போர்டு புரோகிராம்). கூலிக் கணக்கு ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸில் ஓடுது, அதை மாற்றுகிற யோசனை இல்லை. இப்போ இருக்கிற 420 எம்பி ஹார்டு டிஸ்க் (826 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர்) காலையில் சுழல ஆரம்பிக்கும்போதே கிறீச்சிடுது. அதற்குப் பதிலா ஐடிஇ (ஹார்டு டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் 4 ஜிபி சிஎஃப் கார்டு (கேமராவில் போடுகிற காம்பாக்ட்ஃப்ளாஷ் மெமரி கார்டு) மாட்டினால் ஆட்டோ டிடெக்ட் 504 எம்பி மட்டும் காட்டுது. பயாஸ் செட்டப்பில் எல்பிஏ (பெரிய டிஸ்கை செக்டர் வரிசை எண்ணால் அணுகும் முறை) என்ற வார்த்தையே இல்லை.

இன்னொன்று. பழைய டிஸ்கின் டி டிரைவில் 90 எம்பி காலியா இருக்கு, ஆனால் வாரக்கூலிப் பட்டியலைப் புது பைலா எழுதப் போனால் முடியலைங்குது. டிஸ்கைச் சோதிக்கிற ஸ்கேன்டிஸ்க் ஒரு பிழையும் சொல்லலை. என்ன காரணமா இருக்கும்?

அஞ்சுரோடு:
இரண்டாவது கேள்விக்கு முதல்ல பதில். பட்டியல் எல்லாம் டி டிரைவின் ரூட்லயே (எந்த சப் டைரக்டரிக்குள்ளும் போகாத மேல்மட்டத்தில்) விழுதுங்களா? ஃபேட்16 (டாஸ் பைல்களை அடுக்குகிற முறை) டிஸ்கில் ரூட் டைரக்டரிக்கு 512 இடம்தான், அதில் ஒன்று வால்யூம் லேபிளுக்கு (டிரைவின் பெயர்) போயிடும். பைலும் சப் டைரக்டரியும் சேர்ந்து அந்த எண்ணிக்கை நிரம்பினால், எத்தனை எம்பி காலியா இருந்தாலும் புது பைல் உருவாகாது. வருஷத்துக்கு ஒரு சப் டைரக்டரி போட்டு பழையதை அதுக்குள்ள நகர்த்துங்க. சப் டைரக்டரிக்கு அந்த வரம்பு கிடையாது. 1.44 ஃப்ளாப்பியில் இதே கணக்கு 224.

இப்போ 504. டிஸ்கைப் படிக்க டாஸ் கூப்பிடுகிற பயாஸின் இன்ட் 13 அழைப்பில் சிலிண்டருக்கு 10 பிட், அதாவது 1024. ஐடிஇ பக்கம் ஹெட்டுக்கு 4 பிட், அதாவது 16. செக்டர் 63, ஒவ்வொன்றும் 512 பைட். இரண்டு பக்கமும் எது குறைவோ அதுதான் நிற்கும்: 1024 × 16 × 63 × 512 = 52,84,82,304 பைட், அதாவது 504 எம்பி. கார்டில் கோளாறு இல்லை.

கூலிக் கணக்குக்கு 504 எம்பியே தாராளம்னு நான் சொல்வேன். செட்டப்பில் டிஸ்க் வகையை யூசர் டைப்னு வைத்து சிலிண்டர்/ஹெட்/செக்டர் 1023/16/63 கொடுங்க (சில பயாஸ் கடைசி சிலிண்டரைத் தனக்கு வைத்துக்கொள்ளும், அதனால்தான் ஒன்று குறைவு). மொத்தத்தையும் ஒரே பார்ட்டிஷனா போடாதீங்க. 256 எம்பிக்கு மேல் போனால் கிளஸ்டர் (ஒரு பைலுக்கு ஒதுக்குகிற குறைந்தபட்ச இடம்) 8 கேபி. 900 பைட் பட்டியல் 3,000 இருந்தால் 24,000 கேபி போயிடும். 127 எம்பி வீதம் பிரித்தால் கிளஸ்டர் 2 கேபி, அதே பட்டியல்கள் 6,000 கேபியில் அடங்கும்.

கேமராவில் இருந்த கார்டா இருந்தால் எஃப்டிஸ்கில் (பார்ட்டிஷன் போடுகிற கட்டளை) பிரித்து, ஆக்டிவ் ஆக்கின பிறகு எஃப்டிஸ்க் /எம்பிஆர் ஒரு தடவை அடிங்க, அது டிஸ்கின் முதல் செக்டரான எம்பிஆரில் பூட் புரோகிராமை எழுதும். இல்லேன்னா பூட் ஆகாம கர்சர் மட்டும் சிமிட்டிக்கிட்டு நிற்கும். பிறகு ஃபார்மேட் சி: /எஸ்.

கொலுசுப்பட்டறை:
அண்ணன் சொன்னதோட ஒரு எச்சரிக்கை. காப்பி எடுக்க கார்டை மாஸ்டர், பழைய டிஸ்கை ஸ்லேவ்னு மாட்டும்போது டிரைவ் எழுத்து மாறும். டாஸ் முதலில் இரண்டு டிஸ்கின் பிரைமரி பார்ட்டிஷனுக்கும் எழுத்து கொடுத்துட்டுத்தான் லாஜிக்கல் பக்கம் வரும். கார்டில் நாலு பார்ட்டிஷன் (ஒரு பிரைமரி, மூன்று லாஜிக்கல்) இருந்தால் சி புதுசு, டி பழைய சி, இ-எஃப்-ஜி புது லாஜிக்கல், பழைய டி போய் எச் ஆயிடும். இதைக் கவனிக்காம ஃபார்மேட் டி: அடிச்சவங்க நிறைய பேர். லேபிள் பார்த்துட்டு கை வைங்க. எக்ஸ்காப்பி ஹிடன் பைலைத் தொடாது, அட்ரிப் -எச் போட்டுட்டு காப்பி பண்ணுங்க.

4 ஜிபியும் வேணும்னா எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ், அதாவது பெரிய டிஸ்கையும் பார்க்க வைக்கிற கூடுதல் பயாஸ். ஆர்டிஎல் 8019 சிப் உள்ள ஐஎஸ்ஏ (பழைய வகை ஸ்லாட்) நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் 27சி64 ஈப்ரோம் (புரோகிராம் எழுதி வைக்கிற சிப்) உட்காரும். அந்த பயாஸின் இமேஜ் பைலை அதோட கான்ஃபிக் புரோகிராமில் திறந்து, சேமித்து, அப்புறம்தான் எரிக்கணும். செக்சம் (சரிபார்ப்பு எண்) அப்போதான் சேரும், இல்லாட்டி மெயின் பயாஸ் கண்டுக்கவே கண்டுக்காது. நெட்வொர்க் கார்டின் செட்டப் புரோகிராமில் பூட் ரோம் முகவரி டி000, அளவு 16 கேபி. மதர்போர்டு செட்டப்பில் டிரைவ் "இல்லை". இஎம்எம்386 (டாஸின் மெமரி மேனேஜர்) அந்த முகவரியை எடுத்துக்காம இருக்க, அதன் வரியில் எக்ஸ்=டி000-டி3எஃப்எஃப் சேருங்க. அப்படியும் டாஸ் 6.22-ல் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிதான், கிளஸ்டர் 32 கேபி. சின்ன பைலுக்கு அது அநியாயம்.

ஆன்ட்ராக் மாதிரி ஓவர்லே சாஃப்ட்வேர் (பூட் ஆகும்போதே ஏறி பயாஸ் வரம்பைத் தாண்ட வைக்கிறது) வேண்டாம்னு சொல்வேன். அது எம்பிஆர்லயே குடியிருக்கும். எஃப்டிஸ்க் /எம்பிஆர் அடிச்ச நிமிஷம் அதுவும் போச்சு, பார்ட்டிஷனும் கண்ணுக்குத் தெரியாது.

பக்கோடாபாயிண்ட்:
ரூட்டில் எண்ணிப் பார்த்தாச்சு சார், சரியா 511 இருந்தது. 504 எம்பியே போதும்னு முடிவு. செட்டப் மட்டும் சில நாள் காலையில் அழிஞ்சு கிடக்கு, அது கார்டைப் பாதிக்குமா?

அஞ்சுரோடு:
பாதிக்குங்க, இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். செட்டப் அழிஞ்ச பிறகு 1023/16/63-க்குப் பதிலா வேற கணக்கு ஏறினால், டாஸ் தேடுகிற செக்டர் வேற இடத்தில் இருக்கும். பார்க்க டிஸ்க் முழுக்கக் குப்பை மாதிரி தெரியும். அந்த நேரத்தில் ஸ்கேன்டிஸ்கோ செக்டிஸ்க் /எஃப்போ ஓட்டிடாதீங்க, நல்லா இருக்கிறதையும் அது "சரி" பண்ணிடும். செட்டப்பில் எண்களைத் திருத்தினாலே போதும், டேட்டா அங்கேயேதான் இருக்கும். மூன்று எண்ணையும் சீட்டில் எழுதி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைங்க.

செட்டப்பை நினைவில் வைக்கிறது பேட்டரிதான், அதனால் கேபினெட்டைத் திறந்து கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கான்னு பாருங்க. பச்சையா பூத்திருந்தால் கசிஞ்சாச்சு. மலைப் பனியில் ஈரம் வேற சேர்ந்தால் செம்புத் தடத்தையே தின்னுடும். பேட்டரியைக் கழற்றி, அந்த இடத்தை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்க. பதிலுக்கு மூன்று ஏஏ செல் ஹோல்டர். பாசிட்டிவ் ஒயரில் 1என்4148 டயோடு கட்டாயம், கோடு போட்ட முனை போர்டு பக்கம். போர்டு சார்ஜ் பண்ணப் பார்க்கும், சாதா செல் அதைத் தாங்காது.

கொலுசுப்பட்டறை:
ஹோல்டரை போர்டு மேல ஒட்டாதீங்க. ஒயரை நீளமா விட்டு கேபினெட்டின் பக்கத் தகட்டில் ஒட்டிட்டால், நாளைக்கு இந்த செல் கசிஞ்சாலும் போர்டு தப்பிக்கும்.