அப்பாவின் நாய் மணி இறந்து மூன்று வாரம்: அவரை எப்படித் தேற்றுவது?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட், மலேசியா:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 74. ரப்பர் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயங்களையும் உடைத்த பிறகு, தாமான் என்னும் வீடமைப்புப் பகுதியில் நாங்கள் வாங்கிய சிறு வீட்டுக்கு அவர் தம்முடன் கொண்டுவந்தவை அம்மாவின் படமும் பால்வெட்டுக் கத்தியும், லயத்தில் பிறந்த மணி என்னும் நாய்க்குட்டியுமே. அந்த மணி, 14 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து, சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிட்டது. கடைசி நாளில் தண்ணீர்கூட இறங்காமல் அது துடித்ததால், மருத்துவர் சொன்னபடி ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்க நான்தான் கையெழுத்திட்டேன். அதன் தலையை அப்பா மடியில் வைத்திருந்தார்.

இன்றும் அவர், தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டு நேரத்திற்கே, விடியற்காலை ஐந்து மணிக்கு, எழுந்து கதவைத் திறக்கிறார். முன்பெல்லாம் இருவரும் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரை நடந்து திரும்புவார்கள். இப்போது வாசலிலேயே நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுகிறார். “ஒரு நாய்க்கா இவ்வளவு?” என்று உறவினர்கள் கேட்ட பிறகு, மணியின் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். இந்த வாரக் கடைசியில் புதுக் குட்டி ஒன்றை வாங்கி வருவதாக அண்ணன் சொல்கிறார். அது சரியா? முன்னதாகவே நோயைக் கண்டுபிடித்திருக்கலாமே என்ற எண்ணமும் என்னைத் தூங்க விடவில்லை.

கால்நடை மருத்துவ உதவியாளர், ஈப்போ:

சகோதரி, உங்கள் கடைசி வரிக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பாரத்தை நீங்கள் சுமக்கத் தேவையில்லை. நாயின் சிறுநீரகத் திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பிறகே வழக்கமான இரத்தப் பரிசோதனையில் அதன் அடையாளம் தெரியவரும். அதுவரை அது உண்ணும், வாலாட்டும், உங்கள் அப்பாவோடு கோயிலுக்கும் நடக்கும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் முதல் அறிகுறிகள் என்றாலும், நம் ஊர் வெயிலில் அவற்றை யாரும் நோயாக நினைப்பதில்லை. நீங்கள் கையெழுத்திட்டது அதன் உயிரைப் பறிக்க அன்று. மீள வழியில்லாத வேதனையை நீட்டிக்காமல் இருக்க. தலை அப்பாவின் மடியில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் போகும் வாய்ப்பு எல்லா நாய்களுக்கும் கிடைப்பதில்லை என்பதை நாள்தோறும் பார்ப்பவள் நான்.

பணிநிறைவு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், பகாவ்:

அம்மா, “ஒரு நாய்க்கா” என்று கேட்பவர்களிடம் எடுத்தனூர் நடுகல்லைப் பற்றிச் சொல்லுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள அந்தக் கல், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், தன் எருமைகளைக் காக்கும் போரில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எழுப்பப்பட்டது. அவன் உருவத்தின் அருகே அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் கல்லில் எழுதப்பட்டுள்ளன. துணைநின்ற நாயைப் பெயர் சொல்லி நினைப்பது நம் மரபுக்குப் புதிதன்று.

உங்கள் அப்பாவின் துயரம் மணியோடு முடிவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. லயம் போயிற்று, மரங்கள் போயின, உடன் வெட்டியவர்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து உயிரோடு அவருடன் வந்தது மணி ஒன்றுதான். ஆகவே நாயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அது எந்த லயத்தில், யார் வீட்டு அடுப்படியில் பிறந்தது என்று கேளுங்கள். அவராகவே பேசுவார்.

செம்பனைக்காரன், கோலசிலாங்கூர்:

அண்ணனைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள். எங்கள் பூனை இறந்த ஐந்தாம் நாளே அம்மாவுக்கு வேறொரு குட்டியைக் கொண்டுவந்தேன். அவர் அதற்குச் சோறு வைத்தாரே தவிர, பல மாதங்கள் தொடவேயில்லை. அந்தக் குட்டி செய்த பாவம் என்ன என்று இன்றும் வருந்துகிறேன். ஊரார் துயரம் என்று ஒப்புக்கொள்ளாத துயரத்திற்குக் கென்னத் டோக்கா என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1989இல் தனிப் பெயரே இட்டிருக்கிறார். மனிதர் இறந்தால் பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும். நாய் இறந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க யார் வருகிறார்கள்? விடியற்காலையில் நீங்களே அவரோடு நடந்து பாருங்கள்.

தோட்டத்து மகள்:

மூவருக்கும் நன்றி. அண்ணன் காத்திருக்க ஒப்புக்கொண்டார். நேற்று ஐந்து மணிக்கு நானும் அப்பாவோடு வாசலில் நின்றேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி, மணி யார் வீட்டில் பிறந்தது என்று கேட்டேன். கோயில் வரை நடந்து முடிக்கும் வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் ஒருமுறைகூடக் கேட்டிராத பெயர்கள் அவை. திரும்பும் வழியில் எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னேன். மாலையில் ஆற்றங்கரையிலிருந்து ஒரு தட்டைக் கல்லைத் தாமே எடுத்துவந்து, சாயம் வாங்கித் தரச் சொன்னார். “அவன் பேரோட நம்ம தோட்டத்துப் பேரையும் எழுதும்மா” என்றார்.