பெரிய டயர் போட்ட ஜீப்புக்கு எந்தக் கிரவுன்-பினியன்? – அனுபவப் பகிர்வு

பூப்பாறைக்கு மேலே எங்களுக்கு ஏலத்தோட்டம், வீடு போடியில். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் வாரத்தில் நான்கு நாள் ஏறி இறங்கும் பழைய மகிந்திரா ஜீப் என்னுடையது. தோட்டத்துக்குள் கடைசி மூன்று கிலோமீட்டர் பாதை, உருளைக்கல்லும் மழை அரித்த பள்ளமும்தான். ஆக்ஸிலின் நடுவில் கிரவுன்-பினியன் என்கிற பல்சக்கர ஜோடி உட்கார்ந்திருக்கும் ஹவுசிங், கல்லில் இடித்துக்கொண்டே இருந்ததால் 6.00-16 டயர்களை எடுத்துவிட்டு, ரிம்மோடு 31 அங்குல டயருக்கு மாறினேன்.

இழுவை குறையும் என்று எல்லோரும் முன்பே சொன்னார்கள். குறைந்தது. இரண்டாம் கியரில் ஏறிய வளைவுக்கு முதல் கியர் கேட்டது. அதைச் சமாளித்துவிடலாம். யாரும் சொல்லாதது இறக்கத்தைப் பற்றி. மெதுவாகவும் வலுவாகவும் இழுக்கும் லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டுவிட்டால் பிரேக்கைத் தொடாமல் நடை வேகத்தில் இறங்கும் வண்டி அது. டயர் மாற்றிய பிறகு, பின்னால் ஆறு மூட்டை ஏலக்காயோடு இறங்கும்போது யாரோ தள்ளிவிடுவதுபோல ஓடியது. பாதி இறக்கத்திலேயே டிரம் தீய்ந்த வாடை. ஒரு நாள் பெடல் பஞ்சுபோல உள்ளே போனது. மண் மேட்டில் ஒதுக்கி நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள், தோட்டத்து வேலைக்கு வந்தவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் எளிது. இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது பெரிய டயர் கூடுதல் தூரம் ஓடிவிடுகிறது. ஏறும்போது எவ்வளவு இழுவை போகிறதோ, இறங்கும்போது அதே அளவுக்கு இன்ஜினின் பிடியும் போகிறது. கால் பிரேக்குக்கும் இதே கதிதான்: டிரம் அதே அளவு, சக்கரம் பெரியது.

சரி, எவ்வளவு போயிற்று என்று பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள். மூட்டை ஏற்றிய வண்டியில் டயர் அமுங்கும். டயரிலும் தரையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும்வரை வண்டியைத் தள்ளி, தரையில் நாடாவால் அளந்தேன். பழைய டயர் 2 மீட்டர் 20 சென்டிமீட்டர், புதியது 2 மீட்டர் 40. அதாவது 9 சதவீதம் கூடுதல். என் வண்டியில் இருந்தது 8க்கு 39, பினியனில் 8 பல், கிரவுனில் 39 பல், அதாவது விகிதம் 4.88. போன பிடி திரும்ப வர, அதை 2.40ஆல் பெருக்கி 2.20ஆல் வகுத்தால் 5.32 வருகிறது. கடையில் கேட்டால் கிடைக்கிற அடுத்த ஜோடி 8க்கு 43, அது 5.38. பழைய வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பில் வந்த அதே விகிதம். அதையே முன்னும் பின்னும் போட்டேன். முதல் இறக்கத்திலேயே பழைய வண்டி திரும்பக் கிடைத்தது. ஆனால் கிரவுனை மாற்றியதால் கால் பிரேக் சரியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைனிங்கும் வீல் சிலிண்டரும் தனியாகப் புதிது போட்டேன்.

* * *

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். அண்ணன் சொல்லும் இறக்கக் கணக்கு உண்மை. ஆனால் டயர் மாற்றிய எல்லோருக்கும் கிரவுன் மாற்றம் தேவைப்படாது.

என்னுடையது பழைய மகிந்திரா தார் ஜீப், 2.5 லிட்டர் சிஆர்டிஇ டீசல் இன்ஜின். கம்பெனி டயர் 235/70 ஆர்16, நான் போட்டது 265/75 ஆர்16. கணக்குப்படி விட்டம் 735 மில்லிமீட்டரிலிருந்து 804க்குப் போகிறது, இவருக்கு வந்த அதே 9 சதவீதம். ஆனால் என் இன்ஜினுக்கு 247 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) இருக்கிறது, குறைந்த சுற்றிலேயே இழுக்கும். மாதத்தில் இருபது நாள் குமுளி வழியாகக் கோட்டயம், எர்ணாகுளம் என்று தார் ரோட்டில்தான் ஓட்டம், சுமையும் கிடையாது. கிரவுனை மாற்றினால் 80இல் போகும்போது இன்ஜின் கூடுதலாகக் கத்தும், டீசலும் போகும். அப்படியே விட்டுவிட்டேன். ஐந்தாம் கியருக்குப் போகிற இடத்தில் சில நேரம் நான்கிலேயே இருக்கிறேன், அவ்வளவுதான். 33 அங்குலம் போட்டிருந்தால் 14 சதவீதம் ஆகியிருக்கும், அப்போது நானும் மாற்றித்தான் இருப்பேன்.

ஸ்பீடோமீட்டரை மறக்க வேண்டாம். அது 60 காட்டும்போது நான் 65க்கு மேல் போகிறேன். வளைவில் அந்த ஐந்து கிலோமீட்டர் பெரிது. இன்னொன்று, கேரளத்தில் வண்டி மாற்றங்களைக் கறாராகப் பார்க்கிறார்கள். அங்கிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்றது. டயர் வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

* * *

கூடலூர்க்காரன் நான். வயநாட்டுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் ஓடும் ஜீப். முன்னும் பின்னும் சேர்த்து மாற்றச் செலவு அதிகம் என்று, பின் ஆக்ஸிலில் மட்டும் 8க்கு 43 போடச் சொன்னார் நான் போன பட்டறைக்காரர். முன்னால் பழைய 39 அப்படியே இருந்தது. டூவீலில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்படி ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது, அதனால் இரண்டு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன்.

மழைக்காலத்தில் முதல் முறையாக ஃபோர் வீல் போட்டேன். சேற்றில் டயர் வழுக்கியதால் ஒன்றும் தெரியவில்லை. மேலே ஏறி சிமென்ட் தளத்துக்கு வந்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, டயர்கள் கீச்சிட்டன, ஃபோர் வீல் லிவரை எடுக்கப் பார்த்தால் வரவே இல்லை. பின்னால் எடுத்து முன்னால் எடுத்து ஒருவழியாக விடுவித்தேன். ஃபோர் வீலில், முன் பின் ஆக்ஸில்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டையும், அதைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. பல் கணக்கு பத்து சதவீதம் வேறுபட்டால் முன் சக்கரம் ஒரு வேகத்தில் ஓடப் பார்க்கும், பின் சக்கரம் வேறு வேகத்தில். வழுக்க மண் இல்லாத இடத்தில் அந்த முறுக்கு முழுவதும் கியர்களில்தான் இறங்குகிறது. எனக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு கியர் பல் உடைந்தது. மிச்சம் பிடிக்க நினைத்த பணத்தைவிட இரண்டு மடங்கு செலவு. பணம் இல்லையென்றால் டயரை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள்.

* * *

மறுபடி பூப்பாறைக்காரன். கூடலூர் நண்பர் எழுதியது எல்லோரும் படிக்க வேண்டியது.

கிரவுன்-பினியனைப் பொருத்தும் செட்டிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்க வேண்டும், பழையதில் ஒன்று புதியதில் ஒன்று ஆகாது. சில ஆக்ஸில்களில் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால் கிரவுன் உட்காரும் கூடும் வேறு வேண்டும். வாங்கும்முன் கேளுங்கள். எங்கள் பட்டறை ஆசான் முதல் நாள் முழுக்க ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தார். டயல் கேஜ் வைத்துப் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள ஆட்டத்தை 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார். பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழும்வரை விடவில்லை. கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "போதும்" என்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். ஊளைச் சத்தம் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

புதுக் கிரவுன் முதலில் கடுமையாகச் சூடாகும். முதல் நாள் இருபது முப்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டேன். 800 கிலோமீட்டர்வரை மூட்டை ஏற்றவில்லை, அப்புறம் ஆயிலை வடித்துப் புது ஜிஎல்-5 கியர் ஆயில் ஊற்றினேன். வடித்த ஆயிலில் இரும்புத் தூள் மினுமினுத்தது, முதல் தடவை அது வரும்.

உங்கள் வண்டியில் எந்த விகிதம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கழற்றத் தேவையில்லை. நியூட்ரலில் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதை இரண்டு முழுச் சுற்று சுற்றி, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் 39, ஐந்தைத் தாண்டி இன்னும் மூன்றில் ஒரு பங்கு சுற்றினால் 43. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் செய்யுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஷாஃப்ட் சுற்றாது.