உட்கார்ந்தால் கதை கொட்டுகிறது, எழுந்தால் வாயடைத்துப்போகிறது: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறேன். எங்கள் ஊர் வாசகசாலையில் சனிக்கிழமைதோறும் 14 பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் மேடையில் பேசவும் பழக்கிவருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் தமிழ், பள்ளியில் பலருக்கு மலையாளம்.

போன வாரம் ஒரு பெண், கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துச் சோளக்காட்டுக்குள் பாய்ந்த கதையைப் பாயில் உட்கார்ந்தபடி சொன்னாள். பாட்டி போட்ட சத்தத்தை அப்படியே போட்டுக் காட்டினாள். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. சரி, எழுந்து நின்று சொல்லும்மா என்றேன். துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

மனப்பாடப் பேச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு வரி மறந்தால் எல்லாம் போயிற்று. அதனால் எழுதித் தருவதை நிறுத்திவிட்டேன். முதல் வரி, கடைசி வரி, நடுவில் மூன்று காட்சி, இவற்றை மட்டும் நினைவில் வைக்கச் சொல்கிறேன். ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் கை, கண், மூச்சு இவற்றை எப்படிப் பழக்குவது? ஆசிரியர்கள், பட்டிமன்றம் பேசுபவர்கள், நாடகக்காரர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று. எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து கம்பராமாயணப் பாட்டை வைத்துத்தான் நடக்கிறது. 21 விளக்கு வெளிச்சத்தில், பாடி, பொருள் சொல்லி, இரவெல்லாம். அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பிள்ளைகள் நேரில் கேட்க வேண்டும். ஒரு மணி நேரம் வந்து பேசக்கூடிய கூத்துக் கலைஞர் யாரையாவது தெரியுமா? வண்டிச் செலவு, சாப்பாடு எங்கள் பொறுப்பு.